தூக்குச்சட்டியின் அடியில் இருந்த நாடு

போன இதழில் மகள் வீட்டுக்கு உப்சாலா போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததை ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கே இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை முழுக்க ஸ்வீடன்தான்.

கேள்வி: மகனுக்கு லுண்ட் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், பையன் தனியாகக் கிடந்து தவிப்பான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: முதலில் பையனுக்கு வாழ்த்துகள் அண்ணே. 1666-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது, நல்ல இடம். பேசமாட்டார்கள் என்பது பாதிதான் உண்மை. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் வேறு சீட் தேடிப் போவார், பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் தலையை மட்டும் அசைப்பார், நமக்கு முதல் வாரம் மனசு என்னவோ போல இருக்கும். ஆனால் அது வெறுப்போ கர்வமோ இல்லை. அடுத்தவருக்கு நம்மால் இடைஞ்சல் வரக்கூடாது என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன விஷயம். இதைப் புரிந்துகொண்டால் ஸ்வீடனில் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

மகள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் துணி துவைக்கும் அறை கீழ்த்தளத்தில், எல்லோருக்கும் பொது. சுவரில் ஒரு பலகை, யாருக்கு எந்த நாள் எத்தனை மணி என்று அதில் பதிந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒருநாள் நான் துணியைக் காயவைத்து எடுத்து வந்த பிறகு கதவில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. 'உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சைத் தயவுசெய்து எடுத்துவிட்டுப் போகவும், நன்றி.' கையெழுத்து இல்லை, சத்தம் இல்லை, சண்டை இல்லை. அடுத்த தடவை பஞ்சை எடுத்தேன், தாளும் வரவில்லை. அவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்ப்பது.

அதே நினைப்பின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் பெரிய நாடு, மக்கள் ஒரு கோடியே சில லட்சம் பேர்தான், நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அந்தக் காடு யாருக்குச் சொந்தமானாலும் யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம், ஓர் இரவு கூடாரம் போட்டுத் தூங்கலாம். ஸ்வீடிஷில் இதற்கு 'அல்லெமன்ஸ்ரெட்டென்' என்று பெயர், எல்லோருக்கும் உள்ள உரிமை. நிபந்தனை இரண்டே இரண்டு: தொந்தரவு செய்யாதே, சேதம் செய்யாதே. வேலி இல்லாத காட்டில் நீலப்பழம் பறித்துக்கொண்டே நடந்தபோது, இப்படி நம்பிக்கை வைக்கும் ஜனங்களைப் போய் ஒட்டாதவர்கள் என்று எப்படிச் சொல்வது என்று தோன்றியது.

பையனிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். யாராவது 'ஃபீகா'வுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போக வேண்டும். காப்பியும் ஒரு பன்னும் வைத்துக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவது அது. அலுவலகத்தில்கூட அதற்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள், பழக்கம் தொடங்குவது அங்கேதான். அந்தப் பன்னைப் பிட்டபோது ஒரு நிமிடம் எனக்கு நம்ம வீட்டுப் பாயசம் ஞாபகம் வந்துவிட்டது, மாவிலேயே ஏலக்காய்! அவர்கள் அதை 'கார்டெமும்மா' என்கிறார்கள், பேக்கரி வாசலில் நின்றாலே மணக்கும். அப்புறம் வீட்டுக்குள் செருப்போடு நுழையமாட்டார்கள், அதில் பையனுக்குக் கஷ்டமே இருக்காது.

கவலைப்பட வேண்டியது குளிரைவிட இருட்டுக்குத்தான். டிசம்பரில் லுண்டில் எட்டரைக்கு எழும் சூரியன் மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடும். வடக்கே கிருனாவில் சில வாரங்கள் எழவே எழாது, கோடையில் அதே ஊரில் நடுராத்திரியிலும் வெயில். அந்த இருட்டு மாதத்தில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் விளக்கு வைக்கிறார்கள். நம்ம கார்த்திகை பார்த்த கண்ணுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று பையனே எழுதுவான் பாருங்கள்.

கேள்வி: ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் ஒன்றுதானே? (தேவகோட்டை மாணவி)

பதில்: இல்லை அம்மா. ஆல்ப்ஸ் மலையும் கைக்கடிகாரமும் சுவிட்சர்லாந்து. நார்வேக்கும் பின்லாந்துக்கும் நடுவே இருப்பது ஸ்வீடன், தலைநகர் ஸ்டாக்ஹோம், நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபல் பிறந்த ஊர் அதுதான். 1930-இல் நம்ம சர் சி.வி. ராமன் பரிசு வாங்கியதும் அங்கேதான்.

கேள்வி: அங்கே மாணவர்கள் ஆசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாமே, மரியாதை இல்லையா? (தேவகோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, ஒரு காலத்தில் அவர்கள் நம்மைவிட மோசம். எதிரில் இருப்பவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல், 'டாக்டர் காப்பி சாப்பிடுகிறாரா?' என்று அவரிடமே அவரைப் பற்றிக் கேட்பார்களாம். பட்டம் தெரியாவிட்டால் பேச்சையே ஆரம்பிக்க முடியாது. 1967-இல் அரசு மருத்துவத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரோர் ரெக்ஸெட், ஊழியர் எல்லோரையும் 'டூ', அதாவது நீ, என்றே அழைப்பேன் என்று அறிவித்தார். ஏற்கனவே மெல்ல நடந்துகொண்டிருந்த மாற்றம் அது, அதன் பிறகு சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதனால் அந்த நீ யாரையும் கீழே இறக்குகிற நீ இல்லை, எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைக்கிற நீ. இன்னொன்றையும் ஆசிரியர் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்: பிள்ளைகளை அடிப்பதை வீட்டிலும் சேர்த்து சட்டம் போட்டுத் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், 1979-இல்.

கேள்வி: எங்கள் ஊரில் ஸ்வீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்று எப்படி வந்தது? (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: ஸ்வீடன் லுத்தரன் சபையின் மிஷன் பணியில் வந்தது. தமிழ் லுத்தரன் சபை 1919-இல் தனிச் சபையாக ஆனது, அதன் முதல் பேராயர் ஹேமன் ஒரு ஸ்வீடன்காரர். 1956-இல் மாணிக்கம் பொறுப்பேற்கும் வரை பேராயர்கள் அந்த நாட்டவர்தான். பெயரை மாற்றாமல் வைத்திருக்கிறார்களே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் பழைய எனாமல் தூக்கு, அடுக்கு, தட்டு நிறையக் கிடக்கின்றன. அடியில் 'மேட் இன் ஸ்வீடன்' என்று இருக்கிறது. இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தது? பேரன் விற்றுவிடலாம் என்கிறான். (பள்ளத்தூர் ஆச்சி)

பதில்: ஆச்சி, எனக்கு ஸ்வீடன் அறிமுகமானதே இப்படித்தான். ஆயா வீட்டில் நீல விளிம்பு வைத்த ஒரு தூக்கு, அதைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் அடியில் அந்த எழுத்தைப் பார்ப்பேன். ஸ்வீடனின் தெற்கே ரொன்னெபி என்ற ஊர்ப் பக்கம் கொக்கும்ஸ் ஆலையில் செய்தவைதான் நம்ம பக்கம் நிறைய இருக்கும். இரும்பு அவர்கள் மண்ணிலேயே உண்டு. தகட்டை வளைத்துப் பாத்திரமாக்கி, அதன்மேல் கண்ணாடித் தூளைக் கரைத்துப் பூசி சூளையில் சுட்டால் அந்தத் தூள் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அது கப்பலேறி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன நம்ம ஆட்கள் அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவந்து, கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது பித்தளை வெள்ளியோடு வரிசையாக வைத்தார்கள்.

இதில் ஒன்று மனசைத் தொடும். இப்போது பணக்கார நாடு, ஆனால் 1860-களின் கடைசியில் அங்கே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். அதற்கு முன்னும் பின்னுமாக 1930 வரை கிட்டத்தட்ட 13 லட்சம் பேர் ஊரைவிட்டு, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு, கப்பலேறினார்கள். கடல் கடந்து பிழைக்கப் போன வீட்டின் தவிப்பு அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பேரனிடம் விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் இதைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. உள்பக்கம் பூச்சு உதிர்ந்ததைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், துருப்பிடிக்கும், செடி வைத்துக்கொள்ளலாம். நன்றாக இருப்பதை எடுத்துப் புழங்குங்கள். பித்தளை மாதிரி ஈயம் பூசும் வேலை இல்லை. நான் தயிர் உறை ஊற்றுவது இன்றைக்கும் ஆயாவின் அந்த நீல விளிம்புத் தூக்கில்தான்.