விளம்பரத்தில் உங்கள் படம் இருப்பதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. சென்ற 2025ஆம் ஆண்டு இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஸ்பாவில் வரவேற்பாளர் வேலை என்று நம்பிச் சென்னைக்குப் போனேன். ஆதார் அட்டையையும் படிப்புச் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு அபார்ட்மென்டில் தங்கவைத்து, என் படங்களை இணையத்தில் போட்டுப் பாலியல் தொழிலில் தள்ளினார்கள். முதல் மாதம் 20,000 ரூபாய் தந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்துத் தப்பி ஊருக்கு வந்துவிட்டேன். படங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. அட்வான்ஸ் பாக்கி 60,000 ரூபாயைக் கட்டு, இல்லையென்றால் அண்ணனுக்குப் படங்களை அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள். போலீசுக்குப் போனால் என்னையே கைது செய்துவிடுவார்களா? வெளிநாட்டில் இணையதளத்தின் மீதே நஷ்டஈட்டு வழக்குப் போடுகிறார்களாமே, இங்கே முடியுமா? என்னோடு இருந்த ஒரு பெண்ணுக்கு 17 வயதுதான். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசி வரியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. 18 வயது நிறையாத ஒருவர் பாலியல் குற்றத்துக்கு ஆளாவது தெரிந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது, போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, தெரிந்தவர் ஒவ்வொருவரின் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21ஆவது பிரிவின் கீழ் தனிக் குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று அதே 19ஆவது பிரிவு பாதுகாப்பும் தருகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 112ஐயோ அழைத்து, அபார்ட்மென்டின் பெயர், மாடி, கதவு எண், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் புகாரை எழுதி முடிக்கும் வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ‘அழகிகள் கைது’ என்று செய்தி போடும் வழக்கம் நம் பத்திரிகைகளுக்கு இருப்பதால், இத்தொழிலில் சிக்கிய பெண் என்றாலே குற்றவாளி என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவின்படி, ஏமாற்றியோ மிரட்டியோ ஆசைகாட்டியோ ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்காக வேலைக்கு எடுப்பதும், கொண்டுபோவதும், தங்கவைப்பதும் ஆள்கடத்தல் ஆகும். இதற்கு 7 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தை என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. கடத்தப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல என்று அந்தப் பிரிவின் விளக்கம் வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே முதல் மாதம் நீங்கள் வாங்கிய 20,000 ரூபாய் உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அதை மறைத்தால்தான் பிற்பாடு குறுக்கு விசாரணையில் சங்கடம் வரும் என்பதால், புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் அழைக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில், பலரும் கவனிக்காத 6ஆவது பிரிவு உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு பெண்ணை அங்கேயே இருத்திவைக்கும் நோக்கத்தோடு அவளுடைய நகை, துணி, பணம் அல்லது வேறு உடைமையைப் பிடித்துவைத்தாலே, அவளை அடைத்துவைத்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். ஆதாரும் சான்றிதழ்களும் உடைமைதான். உங்களை அடைத்துவைத்தவர் ‘பாக்கி’ என்று சொல்லும் பணத்துக்காக உங்கள் மீது எந்த வழக்கும் தொடர முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த 60,000 ரூபாயில் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை.

புகாரை உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம், சம்பவம் சென்னையில் நடந்தது என்பது தடையில்லை. அவர்கள் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை, பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். புகாரின் முதல் வரியை ‘நான் விபச்சாரத்தில் ஈடுபட்டிருந்தேன்’ என்று தொடங்க விடாதீர்கள். நிலையத்தில் எழுதித் தருகிறவர்கள் பழக்கத்தில் அப்படி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ‘வரவேற்பாளர் வேலை என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டேன்’ என்பதே முதல் வரியாக இருக்கட்டும். உங்கள் விருப்பத்துக்கு மாறாக நடந்தவற்றையும் சொல்லுங்கள், அது பாலியல் வன்கொடுமைப் பிரிவையும் ஈர்க்கும். அத்தகைய புகாரைப் பெண் காவல் அதிகாரிதான் பதிவுசெய்ய வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிறகு நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். 143ஆவது பிரிவின் கீழான தகவலைப் பதியாத அலுவலருக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்று நியாய சன்ஹிதாவின் 199ஆவது பிரிவு கூறுவதை, மறுப்பவரிடம் நிதானமாக நினைவூட்டலாம்.

படங்களை உடனே நீக்க வேண்டும் என்று உங்களுக்குத் தவிப்பாக இருக்கும். ஆனால் ஆதாரம் எடுக்கும் முன் நீக்கிவிட்டால் வழக்கின் முதுகெலும்பே போய்விடும். விளம்பரப் பக்கத்தை, முகவரிப் பட்டையும் தேதியும் தொடர்பு எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மிரட்டல் வந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், எண்ணை பிளாக் செய்யும் முன் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள் எந்த க்யூஆர் அட்டையில் பணம் போட்டார்கள், அதில் யார் பெயர் தெரிந்தது என்பது நினைவிருந்தால் எழுதிவையுங்கள். தரகர்கள் சிம் கார்டை மாற்றுகிற வேகத்தில் வங்கிக் கணக்கை மாற்றுவதில்லை. மின்னணு ஆவணத்துக்கு, அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று கூறும் சான்று, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி வேண்டும் என்பதால் அந்தப் பழைய போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

இவை முடிந்த அன்றே நீக்கும் வேலையைத் தொடங்கலாம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள், 1930 என்ற எண்ணிலும் வழிகாட்டுவார்கள். அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரே இணையத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால், நீதிமன்ற உத்தரவு கேட்காமல் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன; அதற்கு அப்போது தந்த 24 மணி நேர அவகாசம் 2026 பிப்ரவரியில் 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச வசதியில், படத்தை யாருக்கும் அனுப்பாமல் அதன் எண்முறைக் கைரேகையை மட்டும் பதிந்து, அதில் இணைந்துள்ள சமூக வலைத்தளங்களில் அது பரவாமல் தடுக்கலாம். இந்தியாவில் அலுவலகமே இல்லாத தளம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு முடக்க உத்தரவு பெறுவதே வழி.

வெளிநாட்டு வழக்குகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பேக்பேஜ் என்ற விளம்பரத் தளம் 2018 ஏப்ரலில் முடக்கப்பட்டது. அதே மாதம் வந்த சட்டத் திருத்தம், ஆள்கடத்தலுக்குத் தெரிந்தே துணைபோகும் தளங்களின் மீது பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க வழியைத் திறந்தது. நம்மிடம் அதற்கு இணையான சட்டம் இல்லை. உரிமையியல் வழக்கைத் தொடுக்க முடியாது என்பதல்ல, ஆனால் உங்கள் நிலையில் அதில் காலத்தையும் பணத்தையும் செலவிடச் சொல்லமாட்டேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோருவதே நடைமுறைக்கு ஏற்றது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இதைக் கோரலாம். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பதும் சட்டம். 15100 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் மாவட்ட அலுவலகத்தோடு இணைப்பார்கள்.

அண்ணனிடம் சொல்வதா என்பது உங்கள் முடிவு. மிரட்டுபவனை முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிட்டால் அவன் கையிலுள்ள ஒரே ஆயுதம் பயனற்றுப்போகும் என்பது என் கருத்து. பாலியல் வன்கொடுமைப் பிரிவு சேர்ந்த வழக்கில் உங்கள் பெயரை வெளியிடுவது 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சான்றிதழ்களைத் தருகிறோம், வந்து வாங்கிக்கொள் என்று எங்கே அழைத்தாலும் போகாதீர்கள். அவற்றைக் காவல்துறை கைப்பற்றிய பிறகு நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.