மலசலகூடக் குழிக்குப் பிறகு தண்ணீர் எங்கே போகிறது? – கேள்வி-பதில்

கேள்வி: அவிசாவளைப் பக்கம் தோட்டத்தில் 12 வீடுகள், சுமார் 50 பேர். தனித்தனி மலசலகூடக் குழிக்கு இடமில்லை. எல்லாருக்கும் ஒரே குழி போதுமா?

பதில்: போதும், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் 5,000 லீற்றர் கழிவுநீர். அது ஒரு நாளாவது தொட்டியில் நின்றால்தான் கழிவு அடியில் படியும். படியும் சேறு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லீற்றர். 3 ஆண்டுக்கு ஒருமுறை அள்ளுவதானால் அதற்கு 6,000 லீற்றர். மொத்தம் 11,000. உள்நீளம் 4.6 மீற்றர், அகலம் 1.6, தண்ணீர் ஆழம் 1.5 வைத்துக் கட்டுங்கள். நடுச்சுவரால் பிரித்து, முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு நீளம் விடுங்கள்.

வெளியேறும் பைப், உள்வரும் பைப்பைவிட 75 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கட்டும். அதன் வாயில் T வடிவ டி பைப் பொருத்தி, கீழ்க்காலைத் தண்ணீருக்குள் 50 சென்ரிமீற்றர் இறக்குங்கள். மேசன்மார் அடிக்கடி விட்டுவிடுவது இதைத்தான். கால் இல்லையென்றால் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படை அப்படியே மண்ணுக்குள் போய்த் துளைகளை அடைத்துவிடும். அடைத்த மண்ணைத் திருத்துவது லேசில்லை, பெரும்பாலும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் வாய்க்காலைப் புதிதாக வெட்ட வேண்டிவரும். அடியையும் கொங்கிறீட் போட்டு, உள்ளே சீமெந்து பூசி, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கசிகிறது.

தொட்டி பாதி வேலையைத்தான் செய்யும். வெளிவரும் தண்ணீரில் கிருமி நிறைய இருக்கும். மீதியை மண்தான் செய்கிறது. மணல் கலந்த மண்ணில் ஒரு சதுர மீற்றர் பக்கச்சுவர் நாளுக்குச் சுமார் 25 லீற்றர் உறிஞ்சும். 5,000 லீற்றருக்கு 200 சதுர மீற்றர் தேவை. பைப்புக்குக் கீழே 1 மீற்றர் ஆழத்துக்குச் சல்லிக்கல் நிரப்பிய வாய்க்காலில் இரு பக்கமும் சேர்த்து நீள மீற்றருக்கு 2 சதுர மீற்றர் கிடைப்பதால், 25 மீற்றரில் நான்கு வாய்க்கால். சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள்; சரிவோடு வெட்டினால் எல்லாத் தண்ணீரும் கீழ்முனையில் கூடிப் பொங்கும். களிமண் என்றால் இந்த நீளம் போதாது.

கேள்வி: வத்தளையில் மழை பெய்தாலே மலசலகூடத்தில் தண்ணீர் திரும்புகிறது. கழிவு அள்ளும் பவுசர் வண்டி வந்து உறிஞ்சினாலும் சில நாளில் பழையபடி.

பதில்: நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டது. நீங்கள் பவுசருக்குக் காசு கொடுத்து அள்ளுவது பெரும்பாலும் நிலத்து நீரை. முதலில் கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் குழிக்குள் போகாமல் பிரித்துவிடுங்கள். பிறகு தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழியைக் கைவிட்டு, மணலால் உயர்த்திய மேட்டுக்குப் பம்ப் மூலம் நீரை ஏற்ற வேண்டும். ஃபைபர் தொட்டி வைத்திருப்போர் மழைக்காலத்தில் அதை முழுதாக வெறுமையாக்க வேண்டாம். வெளி நீர் தொட்டியையே மேலே தூக்கி, பைப்பை முறித்துவிடும்.

கேள்வி: ஈஸ்ட், கடையில் விற்கும் தூள் போடலாமா?

பதில்: தேவையில்லை. மலத்திலேயே வேண்டிய பக்டீரியா உண்டு. எந்தத் தூளும் பவுசருக்கு மாற்றாகாது.

கேள்வி: எப்போது அள்ள வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பதில்: நீளத் தடியின் அடிப்பாகத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, முதல் அறையின் அடி தொடும்வரை இறக்குங்கள். சில நிமிடம் வைத்து மெதுவாக எடுத்தால், சேறு நின்ற உயரம் வரை துணி கறுத்திருக்கும். சேறும் மேல்படையும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கானால் பவுசரைக் கூப்பிடுங்கள். பார்ப்பது மூடிக்கு வெளியே நின்றுதான். நெருப்பு கிட்டே வேண்டாம். எவரையும் உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைட் வாயு சில மூச்சிலேயே ஆளை மயக்கிவிடும், தூக்கப் போனவரும் உள்ளே விழுவார்.

கேள்வி: கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?

பதில்: உறிஞ்சுகுழியிலிருந்து 15 மீற்றருக்குக் குறையவே கூடாது, மணல் நிலமானால் 30 மீற்றர் பாருங்கள். கிணறு மேட்டில், குழி பள்ளத்தில். அயலவர் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள்.