லீவு முடிந்து மில்லுக்குப் போனால் நெஞ்சு இறுக்கம்

தம்பி, பல்லடம் பக்கம் நூல் மில்லில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோரூமில் வேலை, வார லீவு முடிந்து போகும் முதல் நாள்தான் நெஞ்சைப் பிடிக்கிறது, மறுநாள் குறைகிறது என்று எழுதியிருக்கீங்க. அந்த ‘முதல் நாள்’தான் முக்கியம். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்கிற நுரையீரல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

பெரிய தூசியை மூக்குமுடியும் சளியும் பிடித்துவிடும். நுண்தூசி மூச்சுக்குழலைத் தாண்டிக் கிளைக்குழாய்களுக்குள் இறங்கும். அங்கே குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றறைகளுக்குப் போகிற வழியே குறுகிவிடும். இறுக்கம் அதனால்தான். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் சரியாக வாய்ப்புண்டு, வருடக்கணக்கில் விட்டால் நிலைத்துவிடலாம்.

லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்க. இ.எஸ்.ஐ.க்கான சட்டத்தில் பிசினோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது, அதனால் மில் வேலை என்று தயங்காமல் சொல்லுங்க. அப்புறம், பீடி சிகரெட் இருந்தால் இன்றே விட்டுடுங்க.