அசல் பெயின்டோடு ஒரு 1969 ஜி.டி.ஓ.: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் தன் 1969 போன்டியாக் ஜி.டி.ஓ.வை விற்கிறார். புதிதாக வாங்கிய நாளிலிருந்து அவர் குடும்பத்திலேயே இருந்த வண்டி, 41,000 மைல்தான் ஓடியது, ஒருமுறைகூட ரீஸ்டோர் செய்யவில்லை, அதாவது பிரித்துப் புதுப்பிக்கவில்லை என்கிறார். பெயின்ட் மங்கி மெல்லிய வெடிப்பு விட்டிருக்கிறது. டிரைவர் சீட்டில் ஒரு தையல் பிரிந்திருக்கிறது. பல வருஷமாக ஸ்டார்ட் செய்யவே இல்லை. ஆனால், பளபளவென்று ரீஸ்டோர் செய்த ஜி.டி.ஓ.க்களைவிட அதிக விலை சொல்கிறார். இது நியாயமா? அசல்தான் என்று எப்படி உறுதி செய்வது? வாங்கிய பிறகு நல்ல பெயின்ட் அடித்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்று மனசு சொன்னால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ரீஸ்டோர் செய்த ஜி.டி.ஓ. ஒன்றை வாங்குங்கள், செலவும் குறையும், இந்த வண்டியும் பிழைக்கும்.

பெரியவர் அதிக விலை கேட்பதன் காரணம் இதுதான். ரீஸ்டோர் செய்த வண்டியில் எது கம்பெனி போட்டது, எது பிறகு போட்டது என்பதற்கு ஒர்க்‌ஷாப்காரரின் வார்த்தைதான் சாட்சி. தொடாத வண்டியில் வண்டியே சாட்சி. பெயின்ட் எங்கே சரியாகப் படியாமல் விட்டார்கள், வெல்டிங் எப்படி ஓடியது, தொழிலாளி மெழுகுக் குச்சியால் எந்த இடத்தில் குறி போட்டார் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். ரீஸ்டோர் செய்கிறவர்களே இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடிப் போய் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 1969 மாடல் ஜி.டி.ஓ. மொத்தம் 72,287 வண்டிகள் தயாராயின. எனவே ஜி.டி.ஓ. என்ற பெயர் ஒன்றே பெரிய அபூர்வம் ஆகிவிடாது. தொடாமல் மிஞ்சியவைதான் அபூர்வம். அமெரிக்காவின் பழைய கார் சங்கமான ஏ.ஏ.சி.ஏ. அசல் அம்சங்கள் காப்பாற்றப்பட்ட வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

ஆனால் அந்த விலை நிரூபிக்க முடிந்ததற்கு மட்டும்தான். பெரியவர் நல்லவராகவே இருக்கலாம். 50 வருஷத்தில் மறதி எல்லோருக்கும் வரும். எனவே வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் போன்டியாக் வாங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1961 முதல் 1986 வரையிலான போன்டியாக் வண்டிகளின் கம்பெனி பில் பதிவுகள் அழியாமல் இருக்கின்றன. வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பி.எச்.எஸ். என்ற நிறுவனம் அந்த பில்லின் நகலைத் தருகிறது. எந்த டீலருக்குப் போனது, என்ன என்ஜின், என்ன கியர்பாக்ஸ், எந்தெந்த ஆப்ஷன் என்று எல்லாம் அதில் இருக்கும். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்பதில்லையா, அதே இடத்தில் இதை வையுங்கள். விற்பவர் தன்னிடம் ஒரு நகல் இருப்பதாகச் சொன்னாலும் நீங்களே நேரடியாக ஒன்றை வரவழையுங்கள். ஷெவர்லே வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. கனடாவுக்குப் போன வண்டிகளுக்குத்தான் பதிவு கிடைக்கும். ஃபோர்டு என்றால் 1967-லிருந்து மார்ட்டி ரிப்போர்ட் என்ற இதேபோன்ற பதிவு நகல் உண்டு. டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் ஃபெண்டரில் இருக்கும் தகட்டையும், சீட்டுக்கடியில் கிடக்கும் தயாரிப்புத் தாளையும் நம்ப வேண்டியிருக்கும்.

அடுத்து வி.ஐ.என். 1968 முதல் அது கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டின் இடது ஓரத்தில் வெளியிலிருந்தே தெரியும். 1969 ஜி.டி.ஓ. ஹார்ட்டாப் என்றால் 242379 என்று தொடங்கும். 2 போன்டியாக், 42 ஜி.டி.ஓ., 37 இரண்டு கதவு ஹார்ட்டாப், 9 வருஷம். கன்வெர்டிபிள் என்றால் 37-க்குப் பதில் 67. அதற்கடுத்த எழுத்து தொழிற்சாலை. ‘பி’ (P) என்றால் உங்கள் பக்கத்துப் போன்டியாக் நகரம்தான். 1964, 1965 வண்டிகளில் ஜி.டி.ஓ. வெறும் ஆப்ஷன் என்பதால் வி.ஐ.என்.னை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 1966 முதல் 1971 வரை தெளிவாகத் தெரியும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பூவிதழ் வடிவத்தில் இருக்க வேண்டும். சாதாரண உருண்டை ரிவெட்டோ, சுற்றிலும் கீறலோ கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வி.ஐ.என். தகட்டில் கை வைப்பது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம், அந்த வில்லங்கம் உங்கள் தலையில் விழக்கூடாது.

ஜி.டி.ஓ.வின் சிறப்பு வகையான ‘ஜட்ஜ்’ என்று சொல்லி விற்கிறாரா என்றும் கேளுங்கள். 1969-ல் ஜட்ஜ் 6,833 மட்டுமே, விலை வித்தியாசம் பெரிது. வி.ஐ.என்.னில் அது தெரியவே தெரியாது. ஸ்டிக்கரும் பின் இறக்கையும் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். பி.எச்.எஸ். பில் ஒன்றுதான் தீர்ப்பு சொல்லும்.

இப்போது பானெட்டைத் திறக்கலாம். போன்டியாக்கின் வி-8 என்ஜின்களில் 326 கன அங்குலத்திலிருந்து 455 வரை எல்லாம் வெளியே பார்க்க ஒரே அளவு. ஒரு சாதாரண வண்டியின் 350-ஐத் தூக்கி இதில் வைத்துவிட்டு ஜி.டி.ஓ.வுக்கு உரிய 400 என்று சொன்னால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முத்திரையைப் படிக்க வேண்டும். என்ஜின் பிளாக்கின் முன்பக்கம், பயணி இருக்கும் பக்கத்தில், இரண்டெழுத்துக் குறி ஒன்று இருக்கும். 350 குதிரைசக்தி கொண்ட சாதாரண 400-க்கு கையால் கியர் போடும் வண்டி என்றால் டபிள்யூ.டி. (WT), ஆட்டோமேட்டிக் என்றால் ஒய்.எஸ். எக்ஸ்.எம். என்று இருந்தால் அது 265 குதிரைசக்தியில் வந்த சிக்கன என்ஜின். அதுவும் கம்பெனி போட்டதுதான், ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். அந்தக் குறியோடு வி.ஐ.என்.னின் சுருக்கமும் பிளாக்கில் அடித்திருக்கும்: 2, 9, தொழிற்சாலை எழுத்து, கடைசி ஆறு எண். கியர்பாக்ஸிலும் உண்டு. இந்த ஆறு எண்ணும் டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போனால்தான் வண்டியோடு பிறந்த என்ஜின். எண்களின் வரிசை கோணலாக இருக்கிறதா, சுற்றிலும் அரத்தால் தேய்த்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனை, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில், வார்ப்புத் தேதி இருக்கும். ‘சி 12 9’ என்றால் 1969 மார்ச் 12. என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் இருக்கும் டேக்கில் வண்டியின் மாதமும் வாரமும் இருக்கும். ‘04ஏ’ என்றால் ஏப்ரல் முதல் வாரம். இந்த இரண்டும் பொருந்துகின்றன. டேக் ‘02பி’ (02B) என்று சொன்னால், பிப்ரவரியில் கட்டிய வண்டிக்குள் மார்ச்சில் வார்த்த என்ஜின் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

41,000 மைல் விஷயத்துக்கு வருவோம். அந்தக் கால ஓடோமீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். ஒரு லட்சம் ஓடியதும் மறுபடி சைபர். எனவே மீட்டர் காட்டுவது 41,000-ஆகவும் இருக்கலாம், 1,41,000-ஆகவும் இருக்கலாம். இவ்வளவு பழைய வண்டிக்கு மைல் கணக்கு அறிவிக்கும் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால் டைட்டில் என்ற உரிமைப் பத்திரமும் உதவாது. பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் கதவைத் தூக்கிப் பார்த்தால் கீலில் எவ்வளவு ஆட்டம், ஸ்டியரிங் பிடியின் வழவழப்பு, இவையெல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பெடல் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தால், தேய்ந்ததை ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். பழைய சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் மைலும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பெயின்ட் வெடித்திருக்கிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது அக்ரிலிக் லேக்கர் அடித்தது. அது வயதானால் நூல் நூலாக வெடிக்கும். ஒரு பெயின்ட் தடிமன் மீட்டர் வாங்கி ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் வையுங்கள். கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய 75 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு பேனல் மட்டும் 300 காட்டினால் அங்கே மறுபடி அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. முன் பம்பரில் மட்டும் மீட்டர் வைக்காதீர்கள்; அது எண்டுரா என்ற ரப்பர் போன்ற பொருளால் மூடியது, அங்கே எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரு ஃபெண்டரை மட்டும் எப்போதோ அடித்திருந்தால் வண்டியை ஒதுக்க வேண்டாம். மறைக்காமல் சொல்கிறாரா என்பதுதான் முக்கியம், விலையை அதற்கேற்பப் பேசலாம்.

துருவில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். மிச்சிகன் சாலைகளில் குளிர்காலத்தில் உப்பு கொட்டுவது உங்களுக்குத் தெரியும். பின் கண்ணாடியின் அடிவிளிம்பு, டிக்கியின் தரை, பின் சக்கரத்துக்குப் பின்னால் பாடியின் கீழ்ப்பகுதி, இவை முதலில் போகும். மேலே வினைல் கூரை இருந்தால் அதன் ஓரங்களை விரலால் அழுத்துங்கள். கொப்புளம் இருந்தால் கீழே தகடு அரித்துவிட்டது. எல்லாவற்றையும்விட சேஸிஸ். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் பகுதியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். மேல்பரப்புத் துரு வயதின் அடையாளம், அதோடு வாழலாம். சேஸிஸில் ஓட்டை என்றால் வெட்டி ஒட்டாமல் வழியில்லை. வெட்டி ஒட்டிய பிறகு தொடாத வண்டிக்கான விலை எதற்கு?

விற்பவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: காட்டுவதற்காக அடிப்பக்கத்தை பிரஷர் வாட்டரால் கழுவ வேண்டாம். மெழுகுக் குறிகளும் இன்ஸ்பெக்‌ஷன் முத்திரைகளும் ஒரே கழுவலில் போய்விடும்.

அப்புறம், ‘ஒரு பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும்’ என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். இந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் கேமைச் சுழற்றும் சக்கரத்தில் பற்களுக்கு நைலான் பூச்சு. 50 வருஷத்தில் அது நொறுங்கி ஆயில் பாத்திரத்தில் விழும், ஆயில் பம்ப்பை அடைக்கும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற வையுங்கள். பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். கையால் என்ஜினைச் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுற்றினால், டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில் மூலம் ஆயில் பம்ப்பை ஓட்டி எல்லா இடத்துக்கும் ஆயில் போக வையுங்கள். கேம் சங்கிலியையும் சக்கரங்களையும் மாற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.

பிரேக் குழாய்கள், வீல் சிலிண்டர், பெட்ரோல் ரப்பர் குழாய், டயர் ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும். இதில் அசல் பக்தி கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். கழற்றிய ஒவ்வொன்றையும் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வண்டியோடு வையுங்கள். ஸ்டெப்னி பழைய டயராக இருந்தால் டிக்கியிலேயே இருக்கட்டும். ஓட ஆரம்பித்ததும் துத்தநாகச் சேர்மம் உள்ள என்ஜின் ஆயில் ஊற்றுங்கள், இந்த வகை கேமுக்கு அது தேவை. 350 குதிரைசக்தி என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 10.75, ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோலை நம்பிக் கட்டியது. பங்க்கில் கிடைப்பதில் உயர்ந்த ஆக்டேன் போடுங்கள், அப்படியும் தட்டல் சத்தம் வந்தால் ஸ்பார்க் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

சீட்டின் தையலுக்குப் புது உறை வேண்டாம். பிரிந்த இடத்தை மட்டும் பழைய ஊசித் துளைகளிலேயே அதே நிற நூலால் தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெயின்டுக்கு மென்மையான சுத்தமும் மெழுகும் போதும். மெஷின் பாலிஷ் வேண்டாம். லேக்கர் மெல்லியது, ஓரங்களில் ஒரு நொடியில் பிரைமர் தெரிந்துவிடும்.

விலை நியாயமா என்று கேட்டீர்கள். பி.எச்.எஸ். பில், என்ஜின் எண், தேதிகள், மீட்டர் அளவு, சேஸிஸ் எல்லாம் ஒத்துப்போனால், நன்றாக ரீஸ்டோர் செய்த வண்டியின் விலைக்கு மேலே கொடுப்பதில் தவறில்லை. ஒன்று இடித்தாலும் அந்தக் கூடுதலைக் கொடுக்காதீர்கள். என்ஜின் வேறு என்றால், அசல் பெயின்ட் உள்ள நல்ல ஜி.டி.ஓ. என்ற அளவில் மட்டும் பேசுங்கள்.

பணம் கொடுக்கும் முன் காப்பீட்டை முடித்துவிடுங்கள். சாதாரண பாலிசி தேய்மானம் கழித்துத்தான் கொடுக்கும். பழைய கார்களுக்கென்று உள்ள, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி எடுங்கள். அதற்கு நீங்கள் எடுத்த மீட்டர் அளவுகளும் படங்களும் உதவும். பழைய வண்டிகளுக்கு மிச்சிகன் தரும் ஹிஸ்டாரிக்கல் நம்பர் பிளேட் வாங்கினால் கண்காட்சிக்கும் கிளப் நிகழ்ச்சிக்கும் எடுத்துப் போகலாம், ஆகஸ்ட் மாதத்தில் தாராளமாக ஓட்டலாம். உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடப்பதும் ஆகஸ்டில்தான். அந்தச் சாலை போன்டியாக் நகரம் வரை போகிறது. அங்கே ஜி.டி.ஓ. வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். பேரம் முடிய அதுவரை அவகாசம் இருந்தால், போய் அசல் பெயின்ட் வண்டிகளை நாலு பார்த்துவிட்டு வந்து பெரியவரிடம் பேசுங்கள்.