அந்த 41 மார்க்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டை. மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில், கண் அசைவைப் பதிவு செய்யும் கண்ணாடியை மாட்டி, பொம்மைக் கையில் ஐ.வி. (ரத்தக்குழாயில் ஊசி வழியாக ஏற்றும் குழாய்) போடச் சொன்னார்களாம். கண் சரியான இடத்தைப் பார்த்ததா என்பதற்கு 100-க்கு 41 மார்க். “இவளுக்குக் கை வராது. 18,000 ரூபாய் கட்டிச் சிறப்புப் பயிற்சி எடுத்தால் சான்றிதழ் தருவோம், வெளிநாட்டு வேலைக்கு அது கட்டாயம்” என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்த 41-ஐ மட்டும் வைத்து உங்கள் மகளுக்குக் கை வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

கருவி பொய்யில்லை. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட வைத்து, பார்வை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சின்னக் கேமராவால் கணக்கெடுக்கும். 2004-லேயே கனடாவில் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) பயிற்சியில் இதைச் செய்து பார்த்தார்கள். தேர்ந்தவர்களின் கண் தொட வேண்டிய இடத்தில் நின்றது. புதியவர்களின் கண் கருவியின் நுனியைத் துரத்தியது. சைக்கிள் பழகும் பிள்ளை ரோட்டை விட்டு முன்சக்கரத்தையே பார்ப்பது போலத்தான். ஐ.வி. போடுவதிலும் பழகிய நர்ஸ், குத்தும் முன் ரத்தக்குழாயின் மேல் பார்வையை நிறுத்துவார். ஊசியின் பின்பக்க அறையில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் கண் அங்கே போகும், கை தாழும், பிளாஸ்டிக் குழாய் மட்டும் உள்ளே நகரும். புதியவரின் கண் ட்ரே, தன் விரல், ஊசி என்று அலையும். இதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் மாணவிக்கு நல்ல பலன் உண்டு. கருவியின் உண்மையான பயன் அதுதான், மார்க் போடுவது அல்ல.

ஏனென்றால், கண் போன இடத்துக்குக் கவனமும் போனதா என்பது அதற்குத் தெரியாது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 24 ரேடியாலஜி டாக்டர்கள் பார்த்த நுரையீரல் சி.டி. படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். 20 பேர் கவனிக்கவே இல்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் நேராக அந்த உருவத்தின் மேல் பட்டிருந்ததை இதே மாதிரிக் கருவிதான் காட்டியது.

அப்புறம், அன்றைக்கு மகள் கண்மை போட்டிருந்தாளா? பவர் கண்ணாடி போடுகிறவளா? இதைக் கட்டாயம் கேளுங்கள். கருவி தேடுவது கண்ணில் இருக்கும் கறுப்பு வட்டத்தை. இமையோரத்து மையைச் சில சமயம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். பவர் கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பினாலும் குழம்பும். ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அதனால்தான் ஒவ்வொருவரையும் முதலில் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊர் வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து சறுக்கினால் மறுபடியும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், ரத்தக்குழாயைப் பார்த்த கண் பக்கத்து ட்ரேயைப் பார்த்ததாகப் பதிவாகும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் கழற்றியதை அடுத்தவருக்கு அப்படியே மாட்டி ஓட்டுகிறார்கள். அந்த மார்க்குக்கு மதிப்பே கிடையாது.

யாருடைய கண்ணோடு ஒப்பிட்டு 41 போட்டார்கள் என்றும் கேளுங்கள். அதே பொம்மைக் கையில் எத்தனை சீனியர் நர்ஸ்கள் செய்து காட்டினார்கள்? பெரும்பாலும் பதில் வராது.

வெளிநாட்டு வேலைக்குக் கட்டாயம் என்பது சுத்தப் புரட்டு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்யக் கம்ப்யூட்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. செய்முறையில் தேர்வாளர் நேரில் பார்த்துத்தான் மதிப்பிடுவார். இந்தப் பார்வைச் சான்றிதழை அங்கே யாரும் கேட்பதில்லை. மின்ட் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்கும் ஏஜென்டை நம்ப வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

கல்லூரிகள் ஒழுங்காக இருந்தால் இந்த மையங்களுக்கு வேலையே இருக்காது. ஸ்கில் லேபைப் பூட்டி வைத்து, ஆய்வுக்கு ஆள் வரும் அன்றைக்கு மட்டும் பொம்மையின் உறையைக் கழற்றினால் பிள்ளை எங்கே போய்ப் பழகும்? ஃபீஸ் மட்டும் வருஷம் தவறாமல் வாங்கத் தெரிகிறது! லேபைத் திறந்துவிடச் சொல்லி மகளும் தோழிகளும் சேர்ந்து பிரின்சிபாலிடம் எழுதிக் கேட்கட்டும். டியூட்டர் பக்கத்தில் நின்று செக்லிஸ்ட் வைத்துப் பார்க்கட்டும்.

மையத்திடம் அந்தப் பதிவு வீடியோவைக் கேட்டு வாங்குங்கள், டியூட்டரிடம் காட்டலாம். முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு போய் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.