நேரக் கணக்கை ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்க 25,000 ரூபாவா?

கேள்வி: மெல்பேர்னில் உள்ள கணக்காளர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறேன். வேறு இரண்டு சின்ன வாடிக்கையாளர்களும் உண்டு. நேரத்தை டொகிள் டிராக் என்ற நேரப் பதிவுச் செயலியில் பதிகிறேன். ஸ்டார்ட் அழுத்த மறந்துவிடுவதுதான் பெரிய தலையிடி. மாத முடிவில் பில் போட உட்கார்ந்தால் பாதி நேரம் பதிவிலேயே இல்லை. கணினி வேலை செய்யும் ஒருவர், டெர்மினல் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரை) வழியாக ஏஐ ஏஜென்ட்டை டொகிளுடன் இணைத்துத் தருவதாகவும், பிறகு எல்லாம் தானாகப் பதிவாகும் என்றும் சொல்கிறார். 25,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: வேண்டாம். இணைப்பு செய்யக்கூடியதுதான், உங்களுக்கு உதவவும் செய்யும். ஆனால் அவர் விற்கும் பொருளில் பெரும்பகுதி ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. "தானாகப் பதிவாகும்" என்ற வாக்குறுதியோ அவர் சொல்லும் விதத்தில் நடக்காது.

கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி சிஎல்ஐ போன்ற ஏஜென்ட்டுகள் டெர்மினலுக்குள் ஓடுபவை. நீங்கள் எழுதுவதைப் புரிந்துகொண்டு, அதற்குரிய கட்டளையைத் தாங்களே தட்டி இயக்கும். டெர்மினலை மூடினால் வேலை நின்றுவிடும். நீங்கள் எப்போது எக்செல் கோப்பைத் திறந்தீர்கள், எப்போது குசினிக்குப் போனீர்கள் என்று அது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

சரி, அப்படியானால் என்ன பயன்? பின்னேரம் வேலை முடிந்ததும், "இன்று ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை மெல்பேர்ன் சம்பளப் பட்டியல், இரண்டிலிருந்து நாலு வரை மற்றவரின் வற் கணக்கு" என்று ஒரு வரி எழுதினால், இரண்டு பதிவையும் சரியான புரொஜெக்டின் கீழ் அது போட்டுவிடும். மாத முடிவில் வாடிக்கையாளர்வாரியாகக் கூட்டியும் தரும். மறதிதான் உங்கள் பிரச்சினை என்பதால் அக்டிவிட்டிவொட்ச் என்ற இலவச மென்பொருளையும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எந்த விண்டோ திறந்திருந்தது என்பதை அது உங்கள் கணினியிலேயே குறித்து வைக்கும். விடுபட்ட மணித்தியாலங்களை அந்தக் குறிப்பைப் பார்த்து எடுத்துக் காட்டும்படி ஏஜென்ட்டைக் கேட்கலாம். முடிவாக எதைப் பதிவது என்பதை நீங்களே சொல்லுங்கள். பில்லில் இருப்பது உங்கள் வார்த்தை, வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவதும் நீங்கள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டைமர் ஓடும்போது கரண்ட் போய் லெப்டொப் அணைந்தாலும் டொகிளின் சேர்வரில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மணிக்குக் கரண்ட் போய் ஏழு மணிக்கு வந்தால் நாலு மணித்தியாலம் கூடுதலாக ஏறிவிடும். நாலு மணித்தியாலத்துக்கு மேல் நீளும் ஒரே பதிவு இருந்தால் காட்டும்படி ஏஜென்ட்டிடம் தினமும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இதற்குத் தேவை இருக்கிறது.

செலவைப் பார்ப்போம். டொகிளின் இலவசத் திட்டம் 5 பேர் வரை போதும். கிளாட் கோட் அடங்கும் கிளாட் புரோவும், கோடெக்ஸ் அடங்கும் சட்ஜிபிடி பிளஸும் மாதம் 20 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 6,000 ரூபா, அதற்கு மேல் உங்கள் வங்கி கார்டுக்குப் பிடிக்கும் கட்டணம். அந்த ஆள் கேட்கும் 25,000க்குள் இந்தச் சந்தாவும் அடங்குகிறதா, இது தனியா என்று கேட்டீர்களா? பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். இங்கே பலர் காசை விடும் இடம் ஒன்றும் உண்டு: மாதச் சந்தாவும் ஏபிஐ கிரெடிட்டும் (பாவிக்கும் அளவுக்குக் காசு பிடிக்கும் முறை) இரண்டு வேறு வியாபாரம். சந்தா இருக்கும்போதே உங்கள் கணினியில் ஏபிஐ கீ (அந்த முறைக்கான இரகசியச் சாவி) ஒன்றைப் பதிந்து வைத்தால், கிளாட் கோட் சந்தாவை விட்டுவிட்டு அந்தக் கீயின் கணக்கில் காசை எடுக்கும். அமைத்துத் தருபவர் எதைப் போடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

நீங்களே செய்வதானால் டொகிள் புரொஃபைல் பக்கத்தின் அடியில் ஏபிஐ டோக்கன் இருக்கும். வேறு மென்பொருள் உங்கள் டொகிள் கணக்குக்குள் நுழையும் இரகசியச் சாவி அது. அதை ஏஜென்ட்டுடன் பேசும் இடத்தில் ஒட்டாதீர்கள். கணினி பெயரிட்டுச் சேமித்து வைக்கும் என்விரோன்மென்ட் வேரியபிளில் வைத்துவிட்டு, அதன் பெயரை மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை ஏஜென்ட்டே விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் கேர்ள் என்ற கருவியால் செய்துகொள்ளும். அந்த டோக்கன் உங்கள் கணக்கின் முழு உரிமையையும் தருவது. அதை வைத்துப் பதிவுகளைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அதனால் முதல் வாரம் பதிவுகளைப் படித்துக் கூட்டித்தர மட்டும் விடுங்கள். பிறகு புதிய பதிவு போட விடலாம். பழைய பதிவைத் திருத்துவதற்கும் அழிப்பதற்கும் ஒவ்வொரு முறையும் உங்களிடம் அனுமதி கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். "இனிக் கேட்காதே" என்ற தெரிவு திரையில் வரும், அவசரத்தில் அதை அழுத்த வேண்டாம்.

ஏஜென்ட் படிக்கும் வாடிக்கையாளர் பெயரும் வேலை விபரமும் ஏஐ நிறுவனத்தின் சேர்வருக்குப் போகும். மெல்பேர்ன் நிறுவனத்துடன் இரகசிய ஒப்பந்தம் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பெயருக்குப் பதிலாகக் குறியீடு போட்டும் பதியலாம்.

இவ்வளவும் தலைசுற்றினால், பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒருவரை மணித்தியாலக் கூலிக்குக் கூப்பிடுங்கள். அரை நாளுக்குள் முடியும் வேலை.

கேள்வி: ஏஜென்ட் தரும் மாதக் கூட்டுத்தொகையும் டொகிள் ரிப்போர்ட்டும் ஒத்துவரவில்லை. வாடிக்கையாளர் என்னைச் சந்தேகிக்கிறார். எதை நம்புவது? (வாசகர், காத்தான்குடி)

பதில்: ரிப்போர்ட்டை நம்புங்கள். சுபஹுக்கு எழும்பி, வீடு அமைதியாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குகிறவரா நீங்கள்? பிழை அங்கேதான் இருக்கக்கூடும். ஏபிஐ வழியாக, அதாவது ஏஜென்ட் டொகிளிலிருந்து நேரடியாக எடுக்கும்போது, வரும் நேரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். அதனால் விடிய ஐந்தரைக்கு முன் தொடங்கிய எல்லாமே முதல் நாள் தேதியில் விழும். முதலாம் திகதி விடிய நாலரைக்குச் செய்த வேலை போன மாதப் பில்லுக்குள் போய்விடும். ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் முதலில் படிக்கும் குறிப்புக் கோப்பில், நேரவலயம் கொழும்பு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டச் சொன்னாலும் கணக்குப் பிழைக்கும். முடியாத பதிவின் கால அளவை டொகிள் கழித்தல் எண்ணாகவே தருகிறது, அதையும் ஏஜென்ட் சேர்த்துக் கூட்டிவிடும். அப்புறம், கூட்டலை ஏஜென்ட்டின் மனக்கணக்குக்கு விடாதீர்கள். ஒரு சின்ன புரோகிராம் எழுதி அதை ஓட்டிக் கூட்டும்படி சொல்லுங்கள். நீண்ட பட்டியலை மனதால் கூட்டும்போது மொழி மாதிரிகள் தவறும். வாடிக்கையாளருக்கு டொகிளின் ரிப்போர்ட்டையே அனுப்பி, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: அப்வேர்க் என்ற இணையவழி வேலைத் தளத்தில் மணித்தியால ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். நேரத்தை ஏஜென்ட் மூலம் போடலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: போட வேண்டாம். அப்வேர்க்கின் கொடுப்பனவுப் பாதுகாப்பு, அவர்களுடைய டெஸ்க்டொப் செயலி ஸ்கிரீன்ஷொட்டுடன் பதிந்த நேரத்துக்குத்தான். கையால் சேர்த்த நேரத்துக்கு அது கிடையாது. வாடிக்கையாளர் காசு தர மறுத்தால் அந்த மணித்தியாலங்களுக்கு உங்கள் பக்கம் நிற்க யாரும் இல்லை. உங்கள் சொந்தக் குறிப்புக்காகத் தனியாக ஒன்றை வைத்திருக்க விரும்பினால் டைம்வொரியர் நல்லது. இலவசம், டெர்மினலுக்கென்றே செய்தது, தரவு உங்கள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும், தவறினால் அன்டூ கட்டளையும் உண்டு. விண்டோஸில் நேரடியாக ஓடாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட வேண்டிவரும்.

கேள்வி: இப்படி ஒரு இணைப்பை அமைத்துத் தந்தவருக்கு முழுக் காசும் கொடுத்தேன். என் டோக்கனும் அவரிடம் இருக்கிறது. இப்போது இணைப்பு வேலை செய்யவில்லை, போனும் எடுக்கிறார் இல்லை. (வாசகி, செங்கலடி)

பதில்: இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே புரொஃபைல் பக்கத்துக்குப் போய் டோக்கனை ரீசெட் செய்யுங்கள். பழைய டோக்கன் அத்துடன் செத்துவிடும். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். உங்கள் கார்டை அவர் எங்காவது பதிந்திருந்தால் வங்கிக்கு அறிவித்துவிடுங்கள். பிறகு காசு விஷயம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். பில் இல்லாவிட்டால் காசு அனுப்பிய வங்கிச் சீட்டு, என்ன செய்து தருவதாக அவர் எழுதினார் என்பதைக் காட்டும் வட்ஸ்அப் செய்திகள், இணைப்பு ஓடாமல் வரும் பிழைச் செய்தியின் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். வட்ஸ்அப்பில் செய்திகள் தானாக அழியும்படி வைத்திருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.