திருப்பிப் போட்ட டிராகுலா – கடிதம்

அன்புள்ள சார்,

தம்பி மகன் கட்டாயப்படுத்தி ‘ஹெல்சிங்’ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பார்க்க வைத்தான். அதில் வரும் ரத்தக்காட்டேரியின் பெயர் அலுகார்ட். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் டிராகுலா. ஜப்பான்காரர்கள் ‘டிராகுலா’ நாவல் எழுதிய பிராம் ஸ்டோக்கரை அப்படியே உருவிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. புதிதாக ஏதாவது செய்திருக்கிறார்களா?

க.

அன்புள்ள க.,

அந்தப் பெயர் விளையாட்டு ஸ்டோக்கருடையது இல்லை. 1943ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்திலேயே அலுகார்ட் பிரபு இருக்கிறார். அதற்கும் வெகு முன்னால், 1872ல், ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ரத்தக்காட்டேரிக் கதை ‘கார்மில்லா’. ஸ்டோக்கரின் நாவலுக்கு 25 வருடம் மூத்தது. அதில் வரும் காட்டேரி ஒரு காலத்தில் மிர்கல்லா, ஒரு வீட்டில் மில்லார்கா, இன்னொரு வீட்டில் கார்மில்லா. எங்கே போனாலும் அதே எழுத்துகளைக் கலைத்துத்தான் பெயர் வைத்துக்கொள்ள முடியும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஜப்பானிய எழுத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே வாசகர் கண்ணில் படுவது ‘ஆகாடோ’தான். (தமிழிலும் திருப்பிப் பாருங்கள்: லாகுராடி. ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது.)

சரி, உருவினார்களா? ‘ஹெல்சிங்’ வரைந்த கோட்டா ஹிரானோ விஷயத்தில் ஆமாம், ஒளிவுமறைவே இல்லாமல். ஸ்டோக்கரின் நாவலில் கத்திக்குத்தில் தூளாகிப்போகும் டிராகுலா பிரபுவை இவர் சாகவிடாமல், வேட்டையாடிய வான் ஹெல்சிங்கின் வம்சத்துக்கே ஏவலாளாக்கிவிட்டார்.

ஆனால் ஸ்டோக்கரின் நாவலைப் புரட்டிப் பாருங்கள். பிரபுவை எதிர்ப்பவர்களில் ஹார்க்கருக்கு டைரி உண்டு, மீனாவுக்கு டைரி உண்டு, டாக்டர் ஸீவர்டு போனோகிராஃபில் (அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவி) பேசியே பதிகிறார். பிரபுவுக்கு மட்டும் டைரி இல்லை. அவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த டைரியை எழுதியவர் என்று நான் மோட்டோ ஹாகியோவைச் சொல்வேன். 1972ல் பெண்பிள்ளைகளுக்கான பத்திரிகையில் அவர் தொடங்கிய ‘போ குலம்’ என்ற மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை), எட்கர் 14 வயதிலேயே நின்றுபோனவன். தங்கை மேரிபெல்லைக் காட்டேரிகள் விட்டுவிட வேண்டும் என்பதற்காகத் தான் காட்டேரியாகச் சம்மதித்தவன். கடைசியில் அவளையும் இழக்கிறான். துணைக்கு ஆலன் என்ற பையனைச் சேர்த்துக்கொள்கிறான். (எட்கர், ஆலன், போ. சேர்த்துப் படியுங்கள், அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளரின் பெயர் வரும்.) ஒரே ஊரில் சில வருடங்களுக்கு மேல் தங்க முடியாது, வளராத பையனை அக்கம்பக்கத்தார் கவனித்துவிடுவார்கள். மூட்டை கட்டிக்கொண்டே இருக்கும் இந்த வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு டிராகுலா நினைவுக்கு வரவில்லை. வீடு வீடாகப் போய், கிடைத்த சிநேகிதியைப் பிடித்துத் தொங்கும் கார்மில்லாதான் வந்தாள்.

தம்பி மகனிடம் ‘வேம்பயர் ஹன்டர் டி’யும் கேளுங்கள். 1983ல் ஹிடேயுகி கிகுச்சி எழுதத் தொடங்கிய நாவல் வரிசை அது. வேட்டைக்காரனே பாதிக் காட்டேரி. அதிலிருந்து 2000ல் வந்த படத்தில் ஒரு கோட்டைக்குள் பழைய காட்டேரி ஒருத்தி ஆவியாகக் காத்திருக்கிறாள். பெயர் கார்மில்லா. இந்த முறை எழுத்தைக்கூடக் கலைத்துக்கொள்ளவில்லை.